எஸ்னாத் சொன்ன அப்பா

ஜைலோசி கலிண்டே குடிக்கிறவர் அல்ல. எங்கள் சிவாம்பா ஏரிக்கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் அது. தம்பி கல்யாணத்தில் யாரோ வற்புறுத்தி அரைக் குவளை கச்சாசுச் சாராயம் கொடுத்ததற்கே படகுக்குள் சுருண்டு படுத்து, விடிந்ததும், "எவன்டா என் தலைக்குள்ள வலை இழுக்கிறான்?" என்று கேட்டவர். அதற்குப் பிறகு அவர் சாராயக் கடைப் பக்கம் போனதெல்லாம் அங்கே விழுந்து கிடக்கும் தன் வலைக்காரர்களைத் தூக்கி வருவதற்குத்தான்.

அந்த மனிதரை அவர் பெற்ற பெண்ணே, ஊர் கூடியிருந்த இடத்தில், மைக் வைத்துக் குடிகாரராக்கினாள்.

எஸ்னாத் இங்கிலாந்தில் நெட்பால் விளையாடுகிறாள். விளையாடுவதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்றபோது முதல் வருடம் நாங்கள் நம்பவில்லை. மைதானத்தைக் கூட்டுகிற வேலையாக இருக்கும், வெட்கப்பட்டு மறைக்கிறாள் என்றுதான் பேசிக்கொண்டோம். பிறகு வாத்தியாரின் கைப்பேசியில் அவள் ஆடுவதைப் பார்த்தோம். நெஞ்சில் எழுத்துப் போட்ட சட்டையோடு, தன்னைவிட ஒரு முழம் உயரமான வெள்ளைக்காரிகளுக்கு நடுவில் எம்பிப் பந்தைப் பறித்தாள். அன்றைக்கு ஜைலோசி அந்தக் கைப்பேசியை வாங்கி சட்டையில் துடைத்துத்தான் திருப்பிக் கொடுத்தார்.

வருடா வருடம் ஜூலையில் அவளுக்கு விடுமுறை வரும். இங்கே அது ம்வேரா காற்றுக் காலம். தெற்கிலிருந்து ஏரியைப் புரட்டிக்கொண்டு வரும் அந்தக் காற்றில் படகு இறக்க முடியாது. ஆண்கள் கரையில் உட்கார்ந்து வலையின் கிழிந்த கண்ணிகளைக் கட்டுவார்கள், வாயையும் சும்மா வைக்கமாட்டார்கள். பெண்கள் நாங்கள் மரவள்ளியை உரித்து ஊறப்போட்டு, காய வைத்து, இடித்துக்கொண்டிருப்போம். பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் பெண்பிள்ளைகள் பள்ளி மைதானத்துக்கு வருவார்கள். எஸ்னாத் அவர்களை வரிசையில் நிறுத்தி முதலில் நகம் பார்ப்பாள்.

"இது என்னடி, மீன் உரிக்கிற நகமா? அடுத்தவ கண்ணு போயிரும். வெட்டிட்டு வா."

"உரிக்கத்தான் அக்கா வளர்த்தேன்."

"அப்ப மீன்கூட விளையாடு. போ."

பிள்ளைகள் சிரிப்பார்கள். செம்மண் காற்றில் பறந்து பல்லில் நறநறக்கும். காற்றுக்கு எதிராகப் பந்தை எறியச் சொல்லுவாள். "பந்து கைக்கு வந்தாச்சுன்னா கால் தரையில ஒட்டிக்கணும். நடந்தா ஊதிருவாங்க. பாரு, தூக்கு, எறி. யோசிக்கிறதெல்லாம் பந்து வர்றதுக்கு முந்தி!" அவள் குரல் எங்கள் உலக்கைச் சத்தத்தையும் தாண்டி வரும். அவள் அம்மா ஃபலேசி இடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்பாள். "எம்பொண்ணு வாத்தியாரம்மா மாதிரி கத்துறா, கேட்டியா?" என்பாள் என்னிடம். நான் அவர்களுக்கு அடுத்த வீடு. எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே முற்றம், ஒரே உரல்.

அந்த வருடம் தலைநகரிலிருந்து வனேசா என்ற பெண் கேமராவோடு வந்திருந்தாள். எஸ்னாத்திடம் ஆட்டம் பழகும் பிள்ளைகளுக்குக் காலணியும் பள்ளிச் செலவும் தர வெளிநாட்டில் ஓர் அமைப்பு முன்வந்திருக்கிறது, அதற்கு ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்றார்கள். மைதானத்தில் பந்தல் போட்டார்கள். ஊர்த் தலைவர் வந்தார். ஜைலோசிக்கு முன்வரிசையில் நாற்காலி. மகள் அனுப்பிய சாம்பல் நிறக் கோட்டைப் போட்டு, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு, முழங்கால்களைச் சேர்த்து வைத்து உட்கார்ந்திருந்தார்.

எஸ்னாத் ஆங்கிலத்தில் பேசினாள். படத்தை அங்கே பார்க்கிறவர்களுக்குப் புரிய வேண்டும் என்று வனேசா கேட்டிருந்தாள். பக்கத்தில் சோக்கோ வாத்தியார் நின்று ஒவ்வொரு வரியாக எங்கள் பேச்சில் மாற்றி ஒலிபெருக்கியில் சொன்னார்.

"நான் பசியில வளந்தவ" என்றார் வாத்தியார். நாங்கள் தலையாட்டினோம். இங்கே பசியில் வளராதவர் யார்?

"பிளாஸ்டிக் பைகளைச் சுருட்டிக் கயிறு கட்டின பந்துலதான் விளையாடினேன்." அதற்கும் தலையாட்டினோம். என் சின்ன மகனிடம் அப்படி ஒன்று இப்போதும் இருக்கிறது.

எஸ்னாத் அடுத்த வரியைச் சொன்னாள். வாத்தியார் வாயைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவளைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "இதையும் சொல்லணுமாம்மா?" என்று கேட்டார். மைக் அதையும் சேர்த்து ஊருக்குச் சொன்னது.

அவள் முகம் எங்களுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். கேமராவுக்குப் பின்னாலிருந்து வனேசா, 'நிறுத்தாதே, மேலே சொல்லு' என்று கையைச் சுழற்றினாள். எஸ்னாத் வாத்தியாரைப் பார்த்துத் தலையசைத்தாள்.

"எங்கப்பா பிடிச்ச மீனையெல்லாம் குடிச்சே தீர்த்தாரு" என்றார் வாத்தியார், தரையைப் பார்த்துக்கொண்டு. "ராத்திரியில வந்து அம்மாவை அடிப்பாரு. நான் பந்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு இந்தக் கோல் கம்பத்துக்கு அடியில வந்து தூங்குவேன். இந்த மைதானந்தான் எனக்குத் தகப்பனா இருந்துச்சு."

வனேசா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யாரோ ஒருவர் கை தட்ட, பழக்க தோஷத்தில் நாங்களும் தட்டினோம். தட்டிக்கொண்டே எல்லாரும் ஜைலோசியைத் திரும்பிப் பார்த்தோம். எல்லாரும் தன்னையே பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் அவரும் கையைத் தூக்கித் தட்டினார். எங்கள் கைகள் ஓய்ந்த பிறகும் அவருடைய கை மட்டும் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருந்தது.

அன்று மத்தியானம் ஃபலேசி விருந்தாளிக்கென்று பெரிய சம்போ மீனைப் பொரித்து, பூசணி இலையில் கடலைப் பொடி போட்டுக் கிளறி வைத்திருந்தாள். வனேசா நன்றாகச் சாப்பிட்டாள். ஃபலேசியின் கையைப் பிடித்து, "நீங்க ரொம்பத் தைரியசாலிம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள். கார் போன பிறகு ஃபலேசி பாத்திரத்தை மணல் போட்டுத் தேய்த்தாள். தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தாள்.

"ஏண்டி, உங்கப்பா என்னை எந்தக் கையால அடிச்சாரு?"

எஸ்னாத் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். "அம்மா..."

"சொல்லு. நாளைக்குத் தண்ணி எடுக்கப் போவேன், கேப்பாளுங்க. வலது கையா, இடது கையா? எனக்கும் தெரிஞ்சிருக்கணும்ல?"

"அங்க அப்படித்தாம்மா. முதல் வருஷம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பேசக் கூப்பிட்டாங்க. அப்பா மீன் பிடிக்கிறாரு, அம்மா காய வைக்கிறாங்கன்னு சொன்னேன். 'ஓ, நல்லது'ன்னு கடிகாரத்தைப் பாத்தாங்க. ஒருத்தி கேட்டா, உங்கப்பா உன்னை விளையாட விட்டாரா, அடிக்கலையான்னு. சும்மா இருந்தேன். அவளே 'அய்யோ'ன்னு என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. அடுத்த தடவை நானே கொஞ்சம் சொன்னேன். அப்புறம் ஒவ்வொரு எடத்துலயும் கொஞ்சம் கொஞ்சமா..."

"வளர்ந்துருச்சு."

"ஆமா."

"அங்க சொல்லிட்டுப் போ. கடலுக்கு அந்தப் பக்கம் எவன் என்ன நெனைச்சா எனக்கென்ன? இங்க வந்து, அவரையும் கோட்டு மாட்டி உட்கார வெச்சு..."

"இங்கிலீஷ்லதாம்மா பேசினேன். வாய் அதுபாட்டுக்கு ஓடுச்சு. வாத்தியார் திருப்பிச் சொன்னப்பதான் என் காதுலயே விழுந்துச்சு."

"விழுந்த பொறவும் தலையாட்டினியேடி."

நான் உரலைக் கழுவுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

ஜைலோசி உள்ளேயிருந்து வந்தார். கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் வைத்திருந்தார். அவர் கத்துவார் என்று நான் நினைத்தேன். அவரோ பெண் கேட்க வந்த வீட்டில் பேசுகிறவர்போல, தயங்கித் தயங்கிப் பேசினார்.

"எஸ்னா, உன்னை டீம் தேர்வுக்கு நான்தானே ரோடு வரைக்கும் கூட்டிட்டுப் போனேன்? அது உசிப்பாப் பொடி மீன் கூட்டமா வர்ற நேரம். வலையை விட்டுட்டு வந்தேன். லாரிக்காரன் வர்ற வரைக்கும் கூட நின்னேன். உன் வயசுப் பொண்ணுங்க இடுப்புல புள்ளையோட நிக்கிறாளுங்க, இவர் மக தொடை தெரியக் குதிக்கிறான்னு கரையில இவனுங்க பேசினானுங்க. ஒரு வார்த்தை உன் காதுல விழவிட்டேனா?"

"இல்லப்பா."

"அதெல்லாம் சொல்றதுக்கு ஆகாதாம்மா?"

அவள் முகத்தை முழங்கால்களுக்கு நடுவில் புதைத்துக்கொண்டாள். அவர் மடித்த கோட்டை அவளுடைய பையின் மேல் வைத்துவிட்டுக் கரைக்குப் போனார்.

கரையில் அவருக்காகவே காத்திருந்தார்கள். லைட்டன் என்று ஒருவன் இருக்கிறான், ஜைலோசியின் வலையில்தான் வேலை. ஊரில் உண்மையான குடிகாரன் அவன்.

"வாங்கண்ணே, வாங்க" என்றான். "இத்தனை வருஷம் நீங்க குடிச்சிருக்கீங்க, என்னை ஒரு நாளாச்சும் கூப்பிட்டீங்களா? இதுதான் நியாயமா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஜைலோசியும் சிரிக்கப் பார்த்தார்.

"என் தொழிலை நீங்க எடுத்துக்கிட்டா நான் பொழைக்க எங்கண்ணே போறது? நாளைக்கே வெளிநாட்டுக்காரன் வந்து குடிகாரன் எங்கேன்னு கேட்டா, ஊரே உங்க வீட்டைக் காட்டும்."

அவர் பேர் கெட்டுப்போய்விட்டது என்று அவர்களில் ஒருவரும் நினைக்கவில்லை. பொய் என்று எல்லாருக்கும் தெரியும். சொந்த மகளுக்கே காட்டிக்கொள்ள லாயக்கில்லாத தகப்பன் என்றல்லவா ஆகிப்போனது! அதுதான் அவரைத் தின்றது. மறுநாள் அவர் கரைக்குப் போகவில்லை. வீட்டுக்குப் பின்னால், வாழைக்கு நடுவில், தனியாக உட்கார்ந்து வலை கட்டினார். களியைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தால், ஃபலேசி நகர்ந்த பிறகுதான் சாப்பிட்டார்.

எஸ்னாத் மைதானத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. பிள்ளைகள் எங்கிருந்தெல்லாமோ நடந்து வருகிறார்கள், நிறுத்தவும் முடியாது. ஆனால் நகம் பார்க்கவில்லை. கத்தவில்லை. பந்தை எறிந்துவிட்டு ஏரிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வனேசா பிள்ளைகளிடமும் பேசிப் படம் எடுக்க வேண்டும் என்று மறுபடி வந்தாள். மாமரத்தடியில் ஒவ்வொருத்தியாக உட்கார வைத்துக் கேட்டாள். படத்துக்காக ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்ல வாத்தியார் இங்கேயும் நடுவில். நான் பிள்ளைகளுக்கு மரவள்ளி அவித்து எடுத்துப் போயிருந்தேன், அதனால் நானும் கேட்டேன்.

ததாலாவின் முறை வந்தது. அந்தக் கூட்டத்திலேயே நல்ல ஆட்டக்காரி அவள். கை நீளம், அவசரப்படமாட்டாள். அவள் அப்பா பிசிவெக், சைக்கிளில் ஆள் ஏற்றிப் பிழைக்கிறவர். சாது. அடுத்த ஊரிலிருந்து மகளை அந்தச் சைக்கிளில்தான் தினமும் கொண்டுவந்து விடுவார். அன்றும் மைதானத்து ஓரத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எங்கப்பா குடிப்பாரு" என்றாள் ததாலா. கேமராவை நேராகப் பார்த்துச் சொன்னாள். "குடிச்சிட்டு வந்து என் பந்தைக் கத்தியால கிழிச்சாரு. நான் வெளிய தூங்கினேன். நெட்பால்தான் எனக்குத் தகப்பன்."

அவளுக்கு முன்னால் பேசிய பிள்ளையும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்லியிருந்தாள். அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை. எஸ்னாத் விறுவிறுவென்று போய் ததாலாவின் கையைப் பிடித்து மரத்துக்குப் பின்னால் இழுத்து வந்தாள்.

"ஏண்டி பொய் சொல்ற?"

ததாலா பயப்படவில்லை. குழம்பித்தான் போனாள். "தப்பா சொல்லிட்டேனாக்கா? நீங்க சொன்ன மாதிரிதானே சொன்னேன்?"

"நான் சொன்னா?"

"அப்படிச் சொன்னாத்தான் செருப்பு வரும்னு எல்லாரும் பேசிக்கிட்டோம். கத்தி மட்டும் நானாச் சேர்த்தேன். வேண்டாம்னா எடுத்துடச் சொல்றேன்."

"உங்கப்பா அங்கதானடி நிக்கிறாரு! அவர் காதுல விழுந்தா?"

"அவருக்குத் தெரியும்க்கா. கேட்டுட்டுத்தான் வந்தேன்."

"என்ன கேட்ட?"

"உங்களைக் குடிகாரர்னு சொல்லிக்கட்டுமான்னு. சைக்கிள் மிதிச்சிக்கிட்டே வந்தாரு, ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம் 'செருப்பு வருமா'ன்னாரு. 'வரும்பா'ன்னேன். 'அப்ப சொல்லிக்க'ன்னாரு."

நான் திரும்பிப் பார்த்தேன். பிசிவெக் குனிந்து, ஏற்கனவே சரியாக இருந்த சங்கிலியைக் கையால் தடவித் தடவி மாட்டிக்கொண்டிருந்தார்.

எஸ்னாத் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு நேராகக் கேமராவின் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"என்னை எடுங்க" என்றாள். முதலில் எங்கள் பேச்சில் சொன்னாள், பிறகு ஆங்கிலத்திலும் அவளே சொன்னாள். வாத்தியாரைத் தொந்தரவு செய்யவில்லை. "எங்கப்பா குடிக்க மாட்டார். அம்மாவை அடிச்சதில்ல. நான் இந்தக் கம்பத்தடியில ஒரு நாளும் தூங்கினதில்ல. எல்லாம் நான் கட்டினது. இந்தப் பிள்ளைங்க சொன்னதும் என்கிட்ட கத்துக்கிட்டதுதான். அழிச்சிடுங்க."

வனேசா கேமராவை அணைத்தாள். அவளும் கெட்ட பெண் அல்ல. எஸ்னாத்தின் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்தாள். "முன்னாடி சொன்னது எல்லாம் அங்க போயிருச்சு, எஸ்னாத். அதைப் பாத்துத்தான் சரின்னு சொன்னாங்க. இப்ப நான் என்ன சொல்றது?"

"நான் பொய் சொன்னேன்னு சொல்லுங்க."

"சொல்லலாம். பிள்ளைங்களுக்கு என்ன ஆகும்னு நெனைச்சியா?"

காலணி வரவில்லை. அடுத்த வாரம் செய்தி வந்தது, அந்த அமைப்பு வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டதாம். எஸ்னாத் புறப்படுவதற்கு முந்தைய நாள் பிசிவெக் அவள் வீட்டுக்கு வந்தார். ஜைலோசி முற்றத்தில் இருந்தார். பிசிவெக் அவருக்குக் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு எஸ்னாத்தைப் பார்த்து நின்றார்.

"உன்மேல எனக்குக் கோபமில்ல தாயி" என்றார். "ஆனா ஒண்ணு. நீ உன் அப்பாவுக்குத் தெரியாமச் சொன்ன. எம்மக என்னைக் கேட்டா. நான் சரின்னேன். ஒரு தகப்பன் அப்படிச் சரின்னு சொல்றது லேசுன்னு நெனைக்கிறியா? இப்போ ஊருக்கெல்லாம் தெரிஞ்சு போச்சு, செருப்புக்காக நான் குடிகாரனாகச் சம்மதிச்சேன்னு. செருப்பும் வரல. நீ மரத்தடியில பேசாம இருந்திருக்கலாம். இல்லேன்னா மொதல்லயே பேசாம இருந்திருக்கலாம்."

அவளால் நிமிர முடியவில்லை. ஜைலோசி எழுந்து வந்து பிசிவெக்கின் தோளைத் தொட்டு, தன் பக்கத்தில் உட்கார வைத்தார். ஃபலேசி களி கொண்டுவந்தாள். இரண்டு தகப்பன்மாரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். எஸ்னாத் கை கழுவத் தண்ணீர் ஊற்றினாள். பிசிவெக் கையை நீட்டினார். ஜைலோசி, தானே குவளையை எடுத்து ஊற்றிக்கொண்டார்.

மறுநாள் அவளை ரோடு வரை கொண்டுபோய் விட்டது நானும் ஃபலேசியும்தான். தான் போட்டிருந்த காலணியைக் கழற்றி ததாலாவிடம் கொடுத்துவிட்டு, ரப்பர் செருப்போடு பஸ் ஏறினாள். அந்தப் பிள்ளைக்கு அது பெரிது. விரல் பக்கம் துணி அடைத்துக்கொண்டு இப்போதும் அதில்தான் ஆடுகிறாள்.

காற்று ஓய்ந்தது. படகுகள் இறங்கின. ஜைலோசி கரைக்குப் போக ஆரம்பித்தார். லைட்டனுக்கும் பேச வேறு விஷயம் கிடைத்துவிட்டது. எஸ்னாத் வாரா வாரம் கூப்பிடுவாள். "அப்பா இருக்காராம்மா?" என்பாள். "வலையில இருக்காரு" என்பாள் ஃபலேசி, அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாலும்.

நவம்பரில் ஒரு நாள். மழை வரப்போகிற புழுக்கம். ஏரியின் மேல் கொசுக் கூட்டம் புகைத்தூண்போல எழுந்து நின்றது. உசிப்பா ஏராளமாக வந்திருந்தது. நாணல் தட்டியில் வெள்ளி கொட்டினதுபோலப் பரப்பி, நானும் ஃபலேசியும் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தோம். தட்டியின் கடைசியில் ஜைலோசி ஒரு குச்சியோடு உட்கார்ந்திருந்தார். கைப்பேசி அடித்தது. கையெல்லாம் செதில் என்பதால் ஃபலேசி அதை மீனுக்கு நடுவிலேயே வைத்து, சத்தமாகப் பேச விட்டாள்.

"அப்பா இருக்காராம்மா?"

"வலையில..."

"பக்கத்துல இருந்தா இருக்கட்டும்மா. பேச வேண்டாம். கேட்டாப் போதும்."

ஃபலேசி அவரைப் பார்த்தாள். அவர் ஏரியைப் பார்த்தார்.

"இன்னைக்கு ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அந்தத் தலைமை டீச்சர் என்னைப் பத்திச் சொல்லும்போது பழைய கதையையே சொன்னாங்க. குடிகார மீனவரோட மகள்னு. நான் எழுந்து, அது பொய், நான்தான் சொன்னேன்னு சொன்னேன். அந்தம்மா முகம் செவந்துபோச்சு. அப்புறம் உண்மையைச் சொன்னேன். மீன் கூட்டமா வர்ற நேரத்துல வலையை விட்டுட்டு என்கூட ரோட்டுல நின்னது. ஊர் பேசினதை என் காதுல விழ விடாதது. சீக்கிரமே முடிஞ்சிருச்சும்மா. அதுக்கு மேல சொல்ல என்கிட்ட ஒண்ணும் இல்ல. அப்பாவைப் பத்தி எனக்கு அவ்வளவுதான் தெரியுது."

ஜைலோசி எழுந்து வந்தார். குனிந்து, கைப்பேசியைத் தொடாமல், மீனைப் பார்த்துப் பேசினார்.

"யாராச்சும் சிரிச்சாங்களா?"

"இல்லப்பா."

"அழுதாங்களா?"

"இல்லப்பா. ஒரு சின்னப் பொண்ணு மட்டும் கையைத் தூக்குச்சு. உங்கப்பா இப்போ இந்த நிமிஷம் என்ன செஞ்சிட்டிருப்பார்னு கேட்டுச்சு."

"நீ என்ன சொன்ன?"

"தெரியலைன்னு சொன்னேன்."

ஜைலோசி நிமிர்ந்து தட்டியின் நீளம் முழுக்க ஒரு தடவை பார்த்தார். தூரத்தில் இறங்கிய ஒரு காக்கையைப் பார்த்துக் குச்சியை ஓங்கினார். அது பறந்ததும் மறுபடி குனிந்தார்.

"காக்கா விரட்டிட்டு இருக்கேன்" என்றார். "அந்தப் புள்ளைகிட்ட சொல்லிரு."